வேலுப்பிள்ளை யாருக்காக எழுதினார்?

இலங்கை மலையகத்தின் வலப்பனைப் பக்கம் ராகலையிலோ ஹல்கரனோயாவிலோ விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் கொழுந்துக்காரியைப் பற்றி 1954-ல் ஒரு நெடுங்கவிதை வந்தது. அதை அவளால் வாசிக்க முடியாது. சி.வி. வேலுப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 1947-ல் தலவாக்கலையில் அந்தத் தோட்ட மக்களின் வாக்கால் பாராளுமன்றம் போனவர் அவர். அடுத்த ஆண்டே அவர்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் வாக்குரிமையும் பறிபோயிற்று. சபையில் நின்று தடுக்க முடியாததைக் கவிதை தடுத்ததா? இல்லை. படித்து உருகியவர்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது.

பிறகு எதற்கு எழுதுவது? மீனாட்சியம்மாளிடம் இதற்கு ஒரு பதில் முன்பே இருந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பாட்டுகள் 1940-ல் நூலாகவும் வந்தன. அவருடைய நுட்பம் மெட்டில் இருக்கிறது. சனங்களின் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டில் இலங்கை இந்தியரின் குறையை ஏற்றினார். எழுத்தறியாதவருக்கும் மெட்டு மனப்பாடம். புதுச்சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மனம் அசைந்ததா என்று அங்கே தேட வேண்டியதில்லை, கூடப் பாடும் வாயே சாட்சி.

அப்படியானால் பாட்டே போதும், ஆங்கிலக் கவிதை வீண் என்று சொல்லலாம். பாதி நியாயம்தான். பாடும் வாய் இருக்கும்வரைதான் பாட்டு. தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் முதியவர்களோடு மறையவிருந்தபோது அவற்றை எழுதிவைத்தவர் இதே வேலுப்பிள்ளை. அவர் 1984-ல் மறைந்த பிறகு அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாயின. கவிதைக்கும் உரிய வாசகர் பிந்தித்தான் கிடைத்தார். 1969-ல் சக்தி பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். பெயர்க்கல் இல்லாமல் தேயிலைத் தூருக்கடியில் மண்ணாகிப்போன முன்னோரை அந்தக் கவிதை நினைக்கிறது. அந்த மண்ணே அவர்களுடைய உரிமைப் பத்திரம் என்பதுதான் அதன் வாதம். கெஞ்சல் இல்லாத அந்த நிமிர்வே எனக்கு அதன் பெரிய அழகு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளரும் பிள்ளை அதைத் தன் தமிழில் வாசிக்கையில், தன் பாட்டியை யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார் என்று அறிகிறது. எழுதியதற்கு இதைவிடப் பெரிய பலனை நான் கேட்கமாட்டேன்.

நாடற்றவர்களாக இலங்கையில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் நிறைவேறியது. கவிதை வந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.