முதலில் தலை, பிறகு வால்: பான்ஃபிஷ் தூண்டிலுக்கு ஜிக்கும் ரப்பர் புழுவும்

டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் எந்தத் தூண்டில் கடைக்குப் போனாலும் ஒரு சுவர் முழுக்க ரப்பர் புழுக்கள் தொங்கும். இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, மினுக்குத் தூள் தூவிய கத்தரிப்பூ நிறம். வால் சுருண்டது, வால் பிளந்தது, வாலே இல்லாதது. சனிக்கிழமை ரைஸ் ஏரிக்குப் போகலாம் என்று கிளம்பியவர் அந்தச் சுவருக்கு முன்னால் நிறம் பார்த்தே அரைமணி நேரத்தைக் கழிப்பார். பிறகு பக்கத்தில் தொங்கும் ஜிக் பொதிகளில் கைக்கு வந்த ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு போவார். நான் சொல்வது இதற்கு நேர்மாறு: தலையை நேரமெடுத்துத் தேர்ந்தெடுங்கள், ரப்பரைக் கைக்கு வந்தபடி எடுத்தாலும் பாதகமில்லை.

புளூகில், பம்ப்கின்ஸீட், கிராப்பி, மஞ்சள் பெர்ச் என்று பொரிசட்டியில் முழுதாக அடங்கும் ஏரிமீன்களைத்தான் இங்கே பான்ஃபிஷ் என்கிறார்கள். செதில் சுரண்டி, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசிப் பொரித்தால் புளூகிலுக்கு ஈடான ஏரிமீன் ஒன்டாரியோவில் கிடையாது என்பது என் கட்சி. முள் அதிகம் என்று குறைப்படுபவர்கள் பெர்ச்சைப் பிடிக்கட்டும்.

கழுத்தில் ‘தலை’ எனப்படும் ஈயக் குண்டு வார்த்த தூண்டில் முள்தான் ஜிக். அதில் ரப்பர் உடலைக் கோத்தால் குட்டிமீனாகவோ நீர்ப்பூச்சியாகவோ மாறும். எடை அவுன்ஸ் பின்னத்தில் அச்சிட்டிருக்கும். 1/64 என்றால் அரை கிராமுக்கும் குறைவு, 1/32 என்றால் 0.9 கிராம், 1/16 என்றால் 1.8 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. தண்ணீரில் தெரியும்.

படகுத்துறை ஓரத்தில் அடிமணல் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஒரே ரப்பரை மூன்று தலைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 1/16 நேராகக் கீழே போய் மணலில் குந்தியது. அடியில் திரிந்த புளூகில் கூட்டம் அதைப் பின்தொடர்ந்து வந்து, குனிந்து பார்த்துவிட்டுக் கலைந்தது. 1/32 கொஞ்சம் தயங்கி இறங்கியது. இரண்டொரு மீன் வழியிலேயே மறித்தது. 1/64 இறங்கியதா மிதந்ததா என்று சொல்ல முடியாத வேகத்தில் போனது. பாதி ஆழத்துக்கு வருவதற்குள் அதைச் சுற்றிப் பஞ்சாயத்தே கூடிவிட்டது. இந்த மீன்களில் பெரும்பாலானவை இரையை விரட்டிப் பிடிப்பதில்லை. கிட்டே வந்து, நின்று, ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கின்றன. அந்த ஒரு கணத்தைக் கொடுப்பது இறங்கும் வேகம், வேகத்தைத் தீர்மானிப்பது தலையின் எடை.

அதற்காக எப்போதும் 1/64 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை எறிந்தால் பத்தடி தாண்டாது. காற்றடித்தால் நூல் வில்லாக வளைந்து, மீன் கொத்துவதே கைக்கு எட்டாது. தக்கைக்குக் கீழே, ஆழமில்லாத கரையோரத்துக்கு அதுதான் சரி. தக்கை எறிவதற்கு எடை கொடுக்கும், ஜிக் தொங்கிக்கொண்டே இருக்கும். படகிலிருந்து பாசிப்படுகையின் வெளி விளிம்பில் விடுவதற்கு 1/32. காற்று பலமாக இருந்தால் அல்லது கிராப்பிகள் ஆழத்துக்குப் போய்விட்டிருந்தால் 1/16. ஒன்றை மட்டும் வாங்கக் காசிருக்கிறது என்றால் யோசிக்காமல் 1/32 வாங்குங்கள். நூல் நான்கு பவுண்டுக்கு மேல் தடிக்க வேண்டாம். எட்டுப் பவுண்டு நூலில் இந்தத் தலைகளைக் கட்டினால் நூல்தான் மீன் பிடிக்கப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்தது முள். இதன் எண் தலைகீழாகப் போகும்: எண் கூடக்கூட முள் சிறுக்கும். புளூகிலின் வாய் மிகச் சிறியது. பாயசத்தை உறிஞ்சுவதுபோல் இரையைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். அதற்கு 8 அல்லது 10-ஆம் எண் முள் வேண்டும். கிராப்பிக்கு வாய் பெரிது, ஆனால் உதட்டுச் சவ்வு காகிதம். சின்ன முள் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், ஆகவே 4. இரண்டும் கலந்து கிடைக்கும் ஏரிகளுக்கு 6 ஒரு சமரசம். மெல்லிய கம்பியில் செய்த முள்ளாகப் பாருங்கள். மூழ்கிக்கிடக்கும் மரக்கிளையில் மாட்டினால் நிதானமாக இழுக்கும்போது முள் நிமிர்ந்து வெளியே வரும், குறட்டால் திரும்ப வளைத்துக்கொள்ளலாம். மலிவுப் பொதிகளில் ஒரு தொல்லை உண்டு: நூல் கோக்கும் காதிலேயே சாயம் ஊற்றி அடைத்திருப்பார்கள். ஊசி ஒன்றைக் கொண்டுபோகாவிட்டால் படகில் உட்கார்ந்து பல்லைக் கடிக்க வேண்டியதுதான்.

இனி ரப்பர். ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் 1949-இல் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கியதிலிருந்து சரக்குக்குப் பஞ்சமில்லை. சுருள்வால் எல்லோருக்கும் தெரிந்த வடிவம். எறிந்து சீராகச் சுற்றினால் வால் படபடவென்று அடிக்கும், பழகாத கைக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் ஏற்றது. ஆனால் 1/64 தலையில் மாட்டி மெல்ல இறக்கினால் அந்த வால் வேலை செய்வதில்லை, சும்மா தொங்கும். மெதுவாக மீன் பிடிக்க வேண்டிய நாளில் ஊசிவால் ரப்பர்தான் வெல்கிறது. பாபி கார்லண்ட் கம்பெனியின் இரண்டங்குல பேபி ஷாட் அந்த வகை. அசைக்காமல் பிடித்திருந்தாலும் தண்ணீரின் அசைவுக்கே வால்நுனி நடுங்கும். கிராப்பிக்கு நான் முதலில் கட்டுவது இதைத்தான். புளூகிலுக்கு இரண்டங்குலம் நீளம். வாலை மட்டும் கடித்து இழுத்து, நாளெல்லாம் கொத்து இருக்கும், மீன் இராது. ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்துக்கு இறங்குங்கள், இல்லையென்றால் தலைப்பக்கம் கத்தரித்துச் சுருக்குங்கள். பிளந்த வாலுள்ள ட்ரவுட் மேக்னட், பெயரில் ட்ரவுட் இருந்தாலும், புளூகிலுக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கிறது.

பெர்க்லியின் கல்ப் தனி ரகம். வழக்கமான பிவிசி ரப்பர் அல்ல, வாசனைச் சாற்றில் ஊறியே வருகிறது. பெர்ச்சுக்கு அதன்மேல் ஓர் ஆசை. மண்புழு வேலை செய்யும் நாளில் இதுவும் வேலை செய்யும். வெயிலில் முள்ளிலேயே விட்டுவிட்டால் காய்ந்து கல்லாகிவிடும், பிறகு கத்திதான். ஸீ-மேனின் இலாஸ்டெக் ரப்பர் இதற்கு எதிர்த்துருவம்: இழுத்தால் நீளும், மீன் கடித்துப் பிய்க்காது, ஒரே புழு பல மீனைத் தாங்கும். ஆனால் சாதாரண ரப்பரோடு ஒரே பெட்டியில் போடக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று உருக்கிக் கூழாக்கிவிடும்.

கோப்பதில் ஒரு விஷயம். ரப்பரை முள்ளுக்குப் பக்கத்தில் வைத்து, முனை எங்கே வெளிவர வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோணலாகக் கோத்த புழு சுழன்று சுழன்று நூலை முறுக்கும், மீனும் சந்தேகப்படும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சைக் காதின் நடுவுக்கு நகர்த்திவிட வேண்டும். ஜிக் கிடைமட்டமாகத் தொங்கினால்தான் குட்டிமீன்போல் இருக்கும். தக்கையைக் கட்டும்போது கிராப்பி இருக்கும் ஆழத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்துங்கள். அது மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன், கீழே போனதைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

நிறம்? தெளிந்த தண்ணீருக்கு ஊடுருவித் தெரியும் சாயல், கலங்கலுக்குக் கிளிப்பச்சை அல்லது கறுப்பு. இதற்கு மேல் வாங்குவதெல்லாம் நம் கண்ணுக்குத்தான்.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் நீந்தும் லூன் பறவை, அரைவைக்காகக் கூழாங்கல் விழுங்கும்போது ஈயத் துண்டையும் விழுங்கிவிடும். ஜிக் சிக்கிய மீனைத் தின்றும் செத்துப்போகும். ஒரு சின்ன ஜிக் போதும். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஜிக்கும் 1997 முதல் தடை. மாற்றாகத் தகரம், பிஸ்மத், டங்ஸ்டன் கிடைக்கின்றன. தகரமும் பிஸ்மத்தும் ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு கொஞ்சம் பெருக்கும். நாம்தான் மெதுவாக இறங்கட்டும் என்கிறோமே, அதில் நட்டமில்லை. டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்கு; குண்டு சிறுத்துக் குத்தென்று இறங்கும், விலையும் குத்தும். கோடையில் கரையோரப் புளூகிலுக்கு அது தேவையே இல்லை. பனிக்காலத்தில் சிம்கோ ஏரியில் பனியைத் துளைத்து ஆழத்துப் பெர்ச்சுக்கு விடுகிறவர் வாங்கட்டும்; பெர்ச் கூட்டம் துளைக்குக் கீழே நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் ஜிக் அடிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.