நடுக் கண்ணாடி

நல்ல மரைன் தொட்டியில் தண்ணீர் இருப்பதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. பவுடர் ப்ளூ டேங் அந்தரத்தில் திரும்ப வேண்டும். நம் நாட்டுத் தொட்டிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் சேர்ந்த பிறகு, சட்டத்தை மதித்து வைக்கிற தொட்டியில் கண்ணை இழுத்துக்கொள்ளக் கடினப் பவளம் கிடையாது. பாறை, மீன், தெளிவு, இவ்வளவுதான் நம் கையிருப்பு. அந்தத் தெளிவில் மாவு தூவியதுபோல் நுண்குமிழி மிதந்தால் மிச்சம் இருப்பதும் போய்விடுகிறது.

“காற்றுதானே, மீனுக்கு நல்லதுதானே” என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஓவர்ஃப்ளோவும் ஸ்கிம்மரும் ஓடுகிற தொட்டிக்கு ஆக்சிஜன் அங்கேயே வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது. கண்ணெதிரே திரியும் பொடிக்குமிழி அதில் சேர்ப்பது சொற்பம். அது மேலே போய் வெடித்து விளக்கிலும் மூடியிலும் உப்பைப் பூசுவதுதான் நடக்கிறது. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுந்தால் இன்னும் மோசம். அழுத்தத்தில் காற்று தண்ணீருக்குள் அளவுக்கு மீறிக் கரைந்து மீனின் கண்ணுக்குப் பின்னால் குமிழியாகப் புடைக்கும். வெளிநாடுகளில் இரவு நேரத்தில் வேண்டுமென்றே நுண்குமிழியைத் தொட்டிக்குள் விட்டுப் பவளங்களைக் கழுவும் வழக்கம் ஒன்று கிளம்பியது. அவர்கள் ரசனை அவர்களுக்கு. எனக்குக் குமிழியின் இடம் ஸ்கிம்மரின் கழுத்துதான்.

ஸ்கிம்மருக்குள் அதே குமிழியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்னீரில் குமிழிகள் முட்டியதும் ஒன்றாகிப் பெருத்து மேலேறிவிடும். உப்பு நீரில் முட்டினாலும் சேர்வதில்லை. பொடியாகவே நின்று, அழுக்கைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டு, மெல்ல நுரையாகி ஏறும். உப்பின் இந்தக் குணம் இல்லாவிட்டால் ஸ்கிம்மர் என்ற பொருளே கிடையாது. ஸ்கிம்மரில் நாம் காசு கொடுத்து வாங்குகிற அதே குணம்தான் மேலே தொட்டிக்குள் நம்மைப் படுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ளது தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப்பில், பேஃபிள் என்கிற தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையேயான சிறு இடைவெளி. என் கவனமெல்லாம் அங்கேதான்.

கொளத்தூரில் எனக்குத் தொட்டி ஒட்டித் தரும் கண்ணாடிக்காரர் ஒருவர். வளைந்த கண்ணாடியும் பளபளப்பான கேபினெட்டும் செய்பவர்கள் அந்த வட்டாரத்தில் நிறைய. இவர் வேலையின் அழகு யாரும் பார்க்காத இடத்தில், பேஃபிளின் நடுக் கண்ணாடியில் இருக்கிறது. முதல் கண்ணாடியைத் தாண்டி வரும் தண்ணீர் நடுக் கண்ணாடியின் அடியில் நுழைந்து, மூன்றாவதன் மேல் வழிந்து, பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறைக்குப் போக வேண்டும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் ஓர் அங்குல இடைவெளி விட்டு மூன்றையும் நெருக்கி ஒட்டும் இடத்தில் இவர் முதல் கண்ணாடிக்கும் நடுக் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் போகும்படி, 9 சென்டிமீட்டர் விடுவார். அடிச்சந்தும் அதற்கு ஈடாகத் தாராளமாக இருக்கும். விளிம்பை எமரித் தாளில் வழித்துவிடுவார். சிலிகான் கோடு மூலையில் எங்கும் தடிக்காது.

“தண்ணிய வெரட்டாதீங்க சார். மெதுவா எறங்குனா குமிழி தானா மேல போய்டும்” என்பார்.

அவர் கையளவாகச் சொன்னதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் அகலச் சம்ப்பில் மணிக்கு 3000 லிட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 2.5 சென்டிமீட்டர் சந்தில் தண்ணீர் நொடிக்கு 11 சென்டிமீட்டர் வேகத்தில் கீழே இறங்கும். 0.2 மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு 2 சென்டிமீட்டர்கூட ஏற முடியாது. தண்ணீர் அதை வாரிக்கொண்டு போய்விடும். சந்தை 9 சென்டிமீட்டராக்கினால் வேகம் மூன்றுக்கு வருகிறது. ஓட்டத்தையும் பாதியாக்கினால் ஒன்றரை. இப்போது குமிழிக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. முதல் கண்ணாடிக்குப் பின்னால் அவை வரிசையாக மேலேறி உடைவதை டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஒரு கண்ணாடித் துண்டை எங்கே நிறுத்துவது என்பதில் இவ்வளவு இருக்கிறது. இதை வேலைப்பாடு என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

0.1 மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு அரை சென்டிமீட்டர்தான் ஏறும். எந்தக் கண்ணாடியும் அதை முழுதாக நிறுத்தாது. பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். இதிலும் அவர் கெட்டிக்காரர். முதலில் ஸ்கிம்மரை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேச்சுக் கொடுப்பார். குமிழி அடங்கினால் குற்றவாளி ஸ்கிம்மர். புதியது என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கச் சொல்வார். பாறை ஒட்ட எபாக்சி போட்டீர்களா என்று கேட்பார். ஸ்கிம்மர் நிற்கும் நீர்மட்டத்தை அளப்பார். அடங்காவிட்டால் ரிட்டர்ன் அறையில் ஒரு குடம் ஆர்ஓ தண்ணீர். கத்திரி வெயிலில் சம்ப் மேல் ஃபேன் ஓடுகிற வீட்டில் அந்த அறை மளமளவென்று வற்றும். பம்ப்பின் வாய்க்கு மேல் சின்னச் சுழி விழுந்திருப்பதை நாம் கவனித்திருக்க மாட்டோம். அதிலும் தீராவிட்டால் குழாய் மூட்டுகள். பம்ப்புக்கு முன்னால் உள்ள மூட்டு தளர்ந்தால் தண்ணீர் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடுகிறவர்கள் அதைக் கண்டுபிடிப்பதே இல்லை. இவர் காய்ந்து கிடக்கும் யூனியன் மரையில் சிலிகான் கிரீஸைத் தடவிவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பாறை மேல் ஒட்டிக்கொண்டு மாலையில் பெருகி விடியும்போது காணாமல் போகும் குமிழியை அவர் தொடவே மாட்டார். அது பாசி விடும் ஆக்சிஜன். விளக்கு நேரத்தையும் தீனியையும் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஸ்பாஞ்ச் கட்சியோடு எனக்கு நெடுநாள் வழக்கு. பேஃபிள் சந்தில் ஸ்பாஞ்சைத் திணித்தால் அன்றைக்கே தண்ணீர் பளிங்காகிவிடும், மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அதில் அழுக்கு அடைத்து, அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி, ரிட்டர்ன் அறையில் மட்டம் இறங்கி, பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். எந்தத் தொல்லைக்கு வைத்தோமோ அதையே கொண்டுவந்து சேர்க்கும், கூடவே நைட்ரேட்டும். தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயிலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. டர்சோக் குழாய்க்காரர்கள் மேல் மூடித் துளையைத் திருகிச் சத்தத்தை அடக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். காற்றும் தண்ணீரும் கலந்தே சம்ப்பில் விழுகிறது. ஹெர்பிக் குழாயில் முழுச் சைஃபன் ஓடும்போது, கேட் வால்வைப் பொறுமையாகச் சரிசெய்தால், வரும் தண்ணீரில் குமிழியே இருக்காது. கரன்ட் போய் வந்ததும் குழாயில் உள்ள காற்று வெளியேற ஓரிரு நிமிடம் தொட்டி மங்கும். அது குறையே இல்லை.

இப்போது கடைகளில் வரும் ரெடிமேட் சம்ப்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. ஃபில்டர் சாக் பிடிக்கும் தட்டு, ரியாக்டருக்கு ஓர் அறை, சாதனம் மாட்ட ஓட்டைகள், எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பேஃபிளுக்கு மட்டும் விரல் நுழையாத சந்து. அதன் மேல் மணிக்கு 6000 லிட்டர் பம்ப்பை முழு வேகத்தில் ஓட்டச் சொல்கிறார்கள். ஒரு வேலைக்காரனின் கணக்கு இதில் எங்கும் இல்லை. கேட்டால், குமிழி வந்தால் ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதையும் பில்லில் சேர்க்கிறார்கள். இளைஞர்கள் அதை நம்பி வாங்கி, தொட்டி மங்கலாகவே இருக்கும்போலிருக்கிறது என்று கண்ணைப் பழக்கிக்கொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ரெடிமேட் சம்ப் கண்ணாடியில் செய்தது என்றால் அதையும் சரிசெய்யலாம். தண்ணீரை வடித்து, நடுக் கண்ணாடியைப் பிளேடால் அறுத்தெடுத்து, பழைய சிலிகானைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, முதல் கண்ணாடியிலிருந்து 9 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுங்கள். அதற்கு மூன்றாவதையும் நகர்த்த வேண்டியிருக்கும், நகர்த்துங்கள். ரிட்டர்ன் அறை சுருங்குவதால் ஆட்டோ டாப்-ஆஃப் கட்டாயம். பூஞ்சை மருந்து கலக்காத சிலிகானாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் காயட்டும்.