செவ்வாயின் குடியேறிகளும் தாராவியின் சதுப்பும்

புதிய கோளில் குடியேறுவோரைப் பற்றிய அறிவியல் புனைகதைகளில், அக்கோளின் நச்சுக்காற்றும் கொடுவிலங்குகளுமே இடர்களாகக் காட்டப்படுதல் பெருவழக்கு. குடியேறியோர் எதிலிருந்து தப்பி வந்தனர் என்னும் வினா அங்கு அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவை எழுப்பிய நாவல் ரே பிராட்பரியின் 'தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்' (1950). மும்பைத் தமிழரின் குடியேற்றத்தோடு வைத்து நோக்குங்கால், அதன் வலிமையோடு குறையும் புலனாகின்றது.

செவ்வாயின் பழங்குடியினர் போரில் தோற்கவில்லை. மண்ணுலகத்தார் கொணர்ந்த சின்னம்மையால் மடிகின்றனர். வெறுமையான நிலத்தில் அமெரிக்கச் சிற்றூர்கள் எழுகின்றன. இப்பகுதி பலராலும் விரிவாகப் பேசப்பட்டதே.

மிகுதியும் பேசப்படாதது, தென்மாநிலக் கறுப்பின மக்கள் ஊரையே காலிசெய்து விண்கலங்களை நோக்கி நடக்கும் அத்தியாயமாகும். கடைக்காரன் டீஸ், தனக்கு 50 டாலர் தரவேண்டிய பெல்ட்டர் என்பவனை வழிமறிக்கிறான். கடன் தீராமல் கோளையும் விட முடியாது என்பது அவன் வாதம். உடன் நடப்போர் தத்தம் கையிலிருந்ததைத் திரட்டிக் கடனை அடைக்கின்றனர். இரும்பு எந்திரம் பறக்கும் நாவலில் வாசகனை உலுக்குவது இந்தச் சில்லறைக் காசே. புறப்படும் நிலமே கொடிய நிலம் என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

பண்ணைக்கடன் அறிந்த தமிழ் வாசகனுக்கு இக்காட்சி அயலானதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தோருள் ஒடுக்கப்பட்ட சாதியார் பலர். மாகிம் கழிமுகத்தையொட்டிய சதுப்பைத் தூர்த்தே அவர்கள் குடிசை எழுப்பினர். அருகிலுள்ள மாதுங்காவோ பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை மனையும் தெருவும் வகுத்து உருவாக்கிய பகுதி. அங்கும் தமிழர் குடியேறினர், எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும். குடியேற்ற அறிவியல் புனைகதை பெரும்பாலும் மாதுங்காவையே எழுதுகின்றது, தாராவியை எழுதுவதில்லை. இன்னொன்றும் நோக்கத்தக்கது: தாராவியின் முன்னோரான கோளி மீனவர் அழிந்துபடவில்லை, கோளிவாடா இன்றும் அங்குள்ளது. வந்தோர் வாழ இருந்தோர் மடியவேண்டும் என்னும் பிராட்பரியின் கதைவிதி இங்குப் பொருந்தவில்லை.

நாவலின் குறை இதன்பின் தொடங்குகின்றது. புறப்பட்ட அம்மக்கள் செவ்வாயில் என்னவாயினர் என்பதற்கு நாவலில் விடையில்லை. செவ்வாயில் வாழும் கறுப்பின மக்களைப் பிராட்பரி வேறொரு சிறுகதையில் எழுதினார். அது 1951இல் வெளியான 'தி இல்லஸ்ட்ரேட்டட் மேன்' தொகுப்பில் உள்ளது. நாவலிலோ, கால்வாய் நீரில் தம் நிழலைக் கண்டு 'நாமே செவ்வாயினர்' என்றுணரும் இறுதிப்பேறு ஒரு வெள்ளையர் குடும்பத்திற்கே வாய்க்கின்றது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் டீஸ் வரும் அத்தியாயம் நீக்கப்பட்டு வேறொன்று சேர்க்கப்பட்டது. காலத்தால் பழையதாயிற்று என்பது காரணமாயின் அது ஏற்கத்தக்கதன்று. அந்த அத்தியாயம் இன்றேல் நாவல் வெறும் நிலப்பறிப்பின் கதையாகச் சுருங்கிவிடும்.

யார் அந்நிலத்தவர் என்பதைத் தாராவியில் கால்வாய் நீர் தீர்மானிப்பதில்லை. இப்போதைய மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணத்தால் மெய்ப்பிப்போர்க்கே தாராவிக்குள் இலவச வீடு. மேல்தளத்தாரும் பின்வந்தோரும் தாராவிக்கு வெளியே செல்ல வேண்டும். சதுப்பைத் தூர்த்தவரின் பேரன் மாடியில் குடியிருந்தால், அவன் மீண்டும் குடியேறியே.