மகிழ்ச்சி விளையாட்டும் மெய்ந்நம்பிக்கையும்

துன்பமுற்றாரைத் தேற்றுதல் நற்செயல் என்பதை மறுப்பார் இலர். ஆயின், தேற்றுவோர் கூறும் மொழியெல்லாம் தேறுதல் ஆகிவிடுமா? இவ்வினாவை எழுப்பும் ஆங்கிலக் கதையொன்றை ஈண்டு ஆராய்வோம். பள்ளிப் பருவத்தில் அதனைப் படித்து மகிழ்ந்தேன். அண்மையில் மீண்டும் படித்தேன், தலைகுனிந்தேன். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

'பாலியானா' என்பது அக்கதையின் பெயர். எலினார் போர்ட்டர் என்னும் அமெரிக்க அம்மையார் 1913-இல் வெளியிட்டது. பாலியானா பெற்றோரை இழந்த சிறுமி. அவள் தந்தை வறிய பாதிரியார். ஒருமுறை அவள் பொம்மை வேண்டினாள். தருமமாக வந்த பொருள்களில் பொம்மை இல்லை, ஊன்றுகோல்களே இருந்தன. இவை நமக்குத் தேவைப்படவில்லையே என்று மகிழலாம் எனத் தந்தை கற்பித்தார். அதுவே அவளுடைய 'மகிழ்ச்சி விளையாட்டு'. எத்துன்பத்திலும் மகிழ ஒரு காரணம் தேடவேண்டும். சிற்றன்னையின் ஊருக்கு வந்தவள், நோயாளிக்கும் சிடுசிடுப்பாருக்கும் இவ்விளையாட்டைக் கற்பிக்கிறாள்.

இன்று ஆங்கில அகராதிகளில் அவள் பெயரே, எதையும் நல்லதென்று காணும் பேதையரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இஃது அந்நூலுக்கு இழைத்த அநீதி. ஏன்? நூலின் உயிர்நிலையை ஏளனம் செய்வோரும் மறந்தனர், புகழ்வோரும் மறந்தனர்.

அச்சிறுமி மோட்டார் வண்டியில் அடிபடுகிறாள். இனி நடக்கவியலாது என்ற சொல் அவள் செவியில் விழுகிறது. படுக்கையில் கிடப்போருக்கு மகிழ்ச்சியைப் போதிப்பது எளிது, தானே கிடக்கும்போது அது வேறு என்று அப்போது உணர்கிறாள். ஊன்றுகோல் வேண்டாமென்று மகிழ்ந்த கால்கள் இன்று அசையவில்லை. அவள் அழுகிறாள். இவ்வோரிடத்தில் ஆசிரியை உண்மையை அஞ்சாது எழுதினார்.

பின்னர் அவள் எவ்வாறு எழுந்தாள்? குணப்படுத்த வழியறிந்த வைத்தியர் அவ்வூரிலேயே இருந்தார். சிற்றன்னைக்கும் அவருக்கும் இருந்த பழைய பிணக்கு வாயிலை அடைத்திருந்தது. அவர் பேசியதைக் கேட்ட அநாதைச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து சிற்றன்னையிடம் சொன்னான். அவள் செருக்கை விட்டாள், சிகிச்சை நடந்தது, பாலியானா மீண்டும் நடந்தாள். ஆகவே, அவளை எழுப்பியது விளையாட்டன்று. சிறுவனின் ஓட்டமும் வைத்தியமுமே. இதனை ஆசிரியை வற்புறுத்தாது விட்டது நூலின் பெருங்குறை. அவள் நடக்காமலே போயிருப்பின் என்னும் வினாவுக்கும் இனிய முடிவால் திரையிட்டுவிட்டார். படித்தவர்கள் விளையாட்டை எடுத்துக்கொண்டனர். ஓடிவந்த சிறுவனை விட்டுவிட்டனர்.

இடர் நேருங்கால் சிரிக்கச் சொன்னவர் நம் வள்ளுவரும் அல்லரோ என்று சிலர் வினவலாம். ஆம், சொன்னார். எவ்விடத்தில் சொன்னார் என்பதை நோக்குக. ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62. இவற்றைக் கூறி முடித்த பின்னரே 63-ஆவதாக இடுக்கணழியாமை வருகிறது. அங்கும் அவர் காட்டும் உவமை, தடைப்பட்ட இடமெல்லாம் முயன்று பாரம் இழுக்கும் எருது. அவ்வெருதிடம் சேறே இல்லையென்று எவரும் சொல்வதில்லை. சேற்றை அறிந்தே அது தோள்கொடுக்கிறது. உழைத்தவன் சிரிக்கும் சிரிப்பு அது. உழையாதவன் பிறனைச் சிரிக்கச் சொல்வது அன்று.

இனி என் தலைகுனிவுக்கு வருவேன். யான் தோட்டத்துக் கிராணி. எம் செம்பனைத் தோட்டத்தில் குலை விழுந்து ஒருவர் பாதம் நசுங்கியது. அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். "தலையில் விழாமல் தப்பினாரே, அதை நினைத்து மகிழுங்கள் அம்மா" என்றேன். நற்சொல் கூறியதாகவே கருதினேன். அவர் சற்று நேரம் நின்றார். "மகிழ்ச்சி இருக்கட்டும், கிராணி ஐயா. அந்தச் சொக்சோ தாளை எப்போது அனுப்புவீர்கள்?" என்றார். அத்தாள் மூன்று வாரமாக என் மேசையில் கிடந்தது.

அன்பர்களே! பிறர் துன்பத்தைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமலோ, தம் கடமையை மறைக்கவோ பூசும் மகிழ்ச்சி போலி. துன்பத்தைத் துன்பமென்றே ஒப்பி, அழுவார்க்கு அழ இடங்கொடுத்து, ஆவன செய்ய எழுவதே மெய்ந்நம்பிக்கை. எவரேனும் மகிழுங்கள் என்று உமக்குக் கூறின், அவர் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். யான் அன்று மாலையே அத்தாளை அனுப்பினேன். அதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்று வாரம் பிந்தியே அனுப்பினேன்.