காயத்தை வாசிப்பவர்கள்

தமிழ் சினிமா நமக்குப் பழக்கிவிட்ட ஒரு வாசிப்பு உண்டு: கையில் கீறல் என்றால் காதல். திருவெள்ளறையில் நான் பேசிய ஆசிரியர் ஒருவரும் அப்படித்தான் வாசித்தார். "எல்லாம் லவ்வு மேட்டர் சார். சீன் போடுதுங்க." சீன் போடுகிறவள் பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு அதை ஏன் மறைக்க வேண்டும்?

இந்தச் செயலுக்கு நம்மிடம் புழக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. 'தற்கொலை முயற்சி' என்கிறோம், அல்லது 'கொழுப்பு'. பலர் சாவதற்காக இதைச் செய்வதில்லை. தாங்கமுடியாத கொதிப்பை அடக்க, மரத்துப்போன மனசில் எதையாவது உணர, தன்மீதுள்ள வெறுப்பைத் தீர்த்துக்கொள்ளச் செய்கிறார்கள். அடங்குவது கொஞ்ச நேரந்தான். பிறகு அவமானம், மறுபடியும் அதே. அதற்காக 'சாகவா போறா' என்று விட்டுவிடவும் முடியாது; திரும்பத் திரும்பக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை அபாயம் கூடுதல்.

வலியைக் கண்டு அஞ்சுகிற சமூகமா இது? பக்கத்துச் சமயபுரத்தில் அலகு குத்தி வருகிறவருக்கு வழிவிட்டு நிற்கிறோம். பக்தர்களுக்காக மாரியம்மனே 28 நாள் பச்சைப்பட்டினி கிடக்கிறாள். (நாட்டார் மரபின் மகிமை என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.) அந்த வலிக்கு ஊரே சாட்சி. தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருக்கும் பதினாலு வயசுக்கு யாருமில்லை.

2017-இல் 'புளூ வேல்' பீதி கிளம்பியது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கெடுத்தது. போனைப் பிடுங்கு என்பதே எல்லோர் வாயிலும் வந்த மருந்து. எந்தச் சாவுக்கும் அந்த விளையாட்டுதான் காரணம் என நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னதை எத்தனை பேர் படித்தோம்? வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை எடுத்த கணக்கு 2004-இல் 'லான்செட்' இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுக்குள், ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பெண்கள், 58 ஆண்கள் தற்கொலையில் இறந்திருக்கிறார்கள். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் கையில் அன்று ஏது செல்போன்? விளையாட்டின்மேல் பழி போட்டால் வீடும் பள்ளியும் பரீட்சையும் சாதியும் தப்பித்துக்கொள்ளும் என்பதுதான் இந்தக் கதையாடலின் வசதி.

காவல்துறையும் ஒரு வாசகர். 1860-ஆம் வருடத்துத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, சாக முயன்றவரைக் குற்றவாளியாக்கியது. 2017-ஆம் வருட மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனாலும் 'போலீஸ் கேஸாயிடும்' என்று வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டும் பயம் போகவில்லை.

"ஏண்டி இப்படிப் பண்ணினே" என்பது விசாரணை. "எப்பலேருந்து இப்படிக் கஷ்டமா இருக்கு" என்பது கேள்வி. சாகணும்னு தோணுதா என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. இனிமேல் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கினால் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வாள், அவ்வளவுதான். கேட்பதற்கென்றே சென்னையில் 1986-இலிருந்து 'ஸ்நேகா' இருக்கிறது. 2022-இலிருந்து அரசின் 'டெலி மானஸ்', எண் 14416, இருக்கிறது. நல்லதுதான். திருவெள்ளறையிலிருந்து அந்த எண்ணை அவள் அப்பாவின் போனிலிருந்துதானே அழைக்க வேண்டும்?