இஸ்திஆரா உருவகம்தானா?

பலாகா எனும் அரபு அணியியல் பயிலும் நம் மாணவரிடையே சொற்பட்டியல் ஒன்று புழங்கி வருகிறது. தஷ்பீஹ் என்றால் உவமை. இஸ்திஆரா என்றால் உருவகம். மஜாஸ் முர்ஸல் என்றால் ஆகுபெயர். தேர்வுக்கு இது போதும். இலக்கியத்தைப் படிக்கப் போதுமா என்பதே வினா.

முதல் இணையில் பெரும் பிழையில்லை. இடர் இரண்டாவதில்தான் தொடங்குகிறது. 'ஸைத் சிங்கம்' என்பது இஸ்திஆரா அன்று. ஸைதும் இருக்கிறார், சிங்கமும் இருக்கிறது. உவம உருபும் பொதுத்தன்மையும் மட்டுமே மறைந்துள்ளன. எனவே அது தஷ்பீஹ் பலீக், அதாவது செறிவுற்ற உவமை. முன்னோர் சிலர் இதனையும் இஸ்திஆராவில் சேர்த்தனர். ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (ரஹ்) 'அஸ்ராருல் பலாகா' நூலில் அதனை மறுத்தார். ஹிஜ்ரி 739இல் மறைந்த கஸ்வீனியின் 'தல்கீஸ்' வழியாக நம் மதரஸாக்களை வந்தடைந்ததும் இம்முடிவே. இஸ்திஆரா என்ற சொல்லுக்கே இரவல் கேட்டல் என்பதுதான் பொருள். வீரன் ஒருவனைக் கருதி, 'அம்பெய்யும் சிங்கத்தைக் கண்டேன்' என்னும்போது சிங்கத்தின் பெயர் இரவலாகிறது; வீரன் என்ற சொல் வாக்கியத்தில் எங்குமில்லை.

தமிழ் உருவகமோ இதற்கு மாறானது. 'முகத்தாமரை' என்பதில் முகமும் வேண்டும், தாமரையும் வேண்டும். இரண்டையும் வேற்றுமையின்றி ஒன்றாக்கிக் கூறுவதையே தண்டியலங்காரம் உருவகம் என்கிறது. அரபுக் கணக்கில் இது தஷ்பீஹ் பலீக்கே. இஸ்திஆராவுக்கு நெருங்கிய உறவு 'பாவை வந்தாள்' என்பதில் உள்ளது. நம் இலக்கணம் அதனை உவமையாகுபெயர் என்று ஆகுபெயருள் அடக்குகிறது. ஆக, ஒப்புமையை அடிப்படையாகக் கொள்ளாத மஜாஸ் முர்ஸலுக்கு ஆகுபெயரை முழுவதுமாக ஒதுக்கிவிட்ட மூன்றாவது இணையும் உடைகிறது.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. அல்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் (19:4) நபி ஸகரிய்யா (அலை) தம் முதுமையை இறைவனிடம் முறையிடுகிறார். தலை, நரையால் பற்றி எரிந்ததாக வாக்கியம் அமைகிறது. 'உருவகம்' என்று ஓரத்தில் குறித்துவிட்டு மாணவர் நகர்ந்துவிடுகிறார். இங்கு இரவல் பெறப்பட்டது பெயரன்று, வினை. நரை பரவுவதற்குத் தீ பற்றுதல் இரவலாகியுள்ளது. பெயர்ச்சொல்லோடு நின்றுவிடும் ஆகுபெயரும் இவ்விடத்தில் உதவாது.

ஜுர்ஜானி அதோடும் நிற்கவில்லை. இவ்வசனத்தின் சிறப்பு முழுவதையும் இஸ்திஆராவின் கணக்கில் எழுதிவிடுவோரை அவர் 'தலாஇலுல் இஃஜாஸ்' நூலில் மறுக்கிறார். 'தலையில் நரை பற்றியது' என்றாலும் இரவல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அழகு போய்விடும். நரைக்குரிய வினை தலையின்மீது ஏற்றப்பட்டதே அவர் காட்டும் நுட்பம். 'வீட்டில் தீப்பற்றியது' என்றால் அது ஒரு மூலையாகவும் இருக்கலாம்; 'வீடு பற்றி எரிந்தது' என்றால் எஞ்சிய மூலை ஏது? கருமுடிக்கு இடமே இல்லாத தலையை அந்த வாக்கிய அமைப்பே காட்டிவிடுகிறது.

அவர் தரும் வீட்டு உவமானம் தமிழிலும் அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது. அவ்வாறிருந்தும் 'என் தலை நரைத்துவிட்டது' என்று மொழிபெயர்த்து அமைந்துவிடுகிறோம். தீயும் போய்விடுகிறது, அதன் பரப்பும் போய்விடுகிறது. இஸ்திஆராவை அப்பெயராலேயே வழங்கி, சொல்லப்படாது நிற்பது எது, இரவலாக வந்தது பெயரா வினையா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் மாணவரைக் கேட்க வேண்டும். உருவகத்தையும் உவமையாகுபெயரையும் அதன் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். பட்டியலை அதன்பிறகு அவர்களே திருத்தி எழுதட்டும்.