மோடெக்ஸ் 6: எலக்ட்ரிக் பியானோவை நாமே உருவாக்கலாம்

மாத்தளைப் பக்கத்தில் தோட்டக் கோயில் திருவிழாவோ, கல்யாண மண்டபமோ, தேவாலயப் பாடகர் குழுவோ, மேடையில் பெரும்பாலும் ஒரே ஒரு கீபோர்ட்தான் இருக்கும். வயலின் கூட்டம், புல்லாங்குழல், பியானோ எல்லாம் அந்த ஒருவரின் இரண்டு கைகளுக்குள் வந்தாக வேண்டும். அவற்றுள் அதிக நேரம் ஒலிப்பது எலக்ட்ரிக் பியானோ. பாடகருக்குச் சுருதியையும் பிடிமானத்தையும் சேர்த்துத் தருவது அதுதான். இளையராஜாவின் குழுவில் விஜி மனுவேல் வாசித்த கீபோர்ட் பகுதிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யமஹாவின் மோடெக்ஸ் 6 என்ற வொர்க்ஸ்டேஷனை இந்த ஒரு ஒலியை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

2018இல் வந்த கருவி இது. 61 கட்டைகள், 6.6 கிலோ எடை, 7 அங்குலத் தொடுதிரை. உள்ளே இரண்டு ஒலி இயந்திரங்கள். ஒன்று, பதிவு செய்த ஒலிகளை வாசிக்கும் ஏடபிள்யூஎம்2. மற்றது, கணக்கின் மூலம் ஒலியைப் பிறப்பிக்கும் எஃப்எம்-எக்ஸ். இந்த இரண்டாவது இயந்திரத்துக்காகத்தான் நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

மூலக் கருவியை அறியாமல் அதன் ஒலியைச் செய்ய முடியாது. ஹரோல்ட் ரோட்ஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காயம்பட்ட விமானப்படையினருக்குப் பியானோ கற்பிக்க, விமானத்தின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு ஒரு சிறு பியானோ செய்தார். பின்னாளில் வந்த ரோட்ஸ் பியானோவில் சுத்தியல் ஒரு மெல்லிய உருக்குக் கம்பியைத் தட்டும். கம்பியோடு சேர்ந்து கனமான உலோகப் பட்டையும் அதிரும். அந்த அதிர்வை மின்காந்தப் பிக்கப் வாங்கி மின்சாரமாக்கும். மெதுவாகத் தட்டினால் உருண்டையான, இருளான நாதம் வரும். ஓங்கித் தட்டினால் கோயில் கைமணி போல ஒரு கிணுகிணுப்பு முன்னே வரும். வுர்லிட்சர் பியானோவில் கம்பிக்குப் பதிலாக உருக்கு ரீட். அதனால் அதன் நாதம் சற்று மூக்கொலியாக, கரகரப்பாக இருக்கும். இரண்டிலும் ஒலியின் நிறத்தை விரலின் வேகமே முடிவு செய்கிறது.

பதிவு ஒலி தடுமாறும் இடம் இதுதான். மோடெக்ஸில் ஆயத்தமாக இருக்கும் ரோட்ஸ், வுர்லிட்சர் ஒலிகள் நன்றாகப் பதிவு செய்யப்பட்டவை. வீட்டில் ஹெட்போனில் கேட்டால் மனம் நிறைகிறது. ஆனால் மெதுவிலிருந்து வேகத்துக்கு விரல் ஏறும்போது ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குத் தாவுவது பழகிய காதுக்குத் தெரிந்துவிடுகிறது. எஃப்எம்மில் அந்தத் தாவல் இல்லை. விரல் வேகம் கூடக்கூட நிறம் படிப்படியாக ஏறும்.

எஃப்எம்-எக்ஸுக்கு அடிப்படையான எஃப்எம் என்பது ஜோன் சவுனிங் 1967இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த முறை. ஓர் அலை இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அதிவேகமாக அசைத்தால் புதிய மேலொலிகள் பிறக்கும். அசைப்பது மொடியுலேட்டர், அசைக்கப்பட்டு நம் காதுக்கு வருவது கேரியர். இப்படி அலையைப் பிறப்பிக்கும் ஒவ்வோர் அலகும் ஓர் ஆப்பரேட்டர், அவை ஒன்றோடொன்று இணையும் வகை அல்கோரிதம். இந்த முறையை உரிமம் பெற்று யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7இன் எலக்ட்ரிக் பியானோ ஒலி உலகமெங்கும் பாடல்களில் புகுந்தது. டிஎக்ஸ்7இல் ஆறு ஆப்பரேட்டர்கள், 32 அல்கோரிதங்கள். எஃப்எம்-எக்ஸில் எட்டு ஆப்பரேட்டர்கள், 88 அல்கோரிதங்கள்.

இனி ஒலியைக் கட்டுவோம். எட்டு ஆப்பரேட்டர்களும் நான்கு சோடிகளாக, ஒவ்வொன்றிலும் ஒரு கேரியரும் ஒரு மொடியுலேட்டரும் நிற்கும் அல்கோரிதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் சோடி உடல். கேரியர் 1, மொடியுலேட்டர் 1 என்ற அதிர்வெண் விகிதம். கேரியர் உடனே எழுந்து மெல்ல மெல்லத் தேய வேண்டும். மொடியுலேட்டர் அதைவிடச் சற்று விரைவாகத் தேய வேண்டும். அப்போதுதான் நாதம் பிரகாசமாகத் தொடங்கி மென்மையாக முடியும்.

இரண்டாவது சோடி கம்பியின் கிணுகிணுப்பு. கேரியர் 1, மொடியுலேட்டர் 14. டிஎக்ஸ்7இன் புகழ்பெற்ற ஒலியிலும் இதே 14தான். இதன் மொடியுலேட்டர் அளவைக் குறைவாக வைத்து, விரல் வேகத்துக்கு மிகக் கூடுதலாக இணங்கச் செய்யுங்கள். மெதுவாக வாசித்தால் இது கேட்கவே கூடாது. ஓங்கி வாசித்தால் மட்டும் மின்ன வேண்டும்.

மூன்றாவது சோடி முதல் சோடியின் நகல்தான், ஆனால் டீட்யூன் கொடுத்துச் சுருதியை ஓர் இழை விலக்கியது. இரண்டும் சேரும்போது நாதத்துக்கு மெல்லிய அசைவு கிடைக்கிறது. நான்காவது சோடியைச் சுத்தியல் தட்டும் ஓசைக்கு வைத்தேன். உயர்ந்த விகிதம், கண் இமைக்கும் நேரத்தில் அணையும் என்வெலப் (ஒலி எழுந்து தேயும் வடிவம்). இது இல்லாவிட்டால் ஒலி காற்றில் மிதக்கும், கட்டையைத் தட்டிய உணர்வு வராது.

கடைசியாக, மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மொடியுலேட்டர்களின் அளவு குறையும்படி லெவல் ஸ்கேலிங்கை அமையுங்கள். எஃப்எம் பியானோ காதைக் குத்துகிறது என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள். வுர்லிட்சர் நிறம் வேண்டுமென்றால் முதல் சோடியின் மொடியுலேட்டரை 2 ஆக்குங்கள். ஒற்றைப்படை மேலொலிகள் மட்டும் எழுந்து, அந்தக் கரகரப்பின் பக்கம் ஒலி நெருங்கும்.

இதோடு இன்னொரு பார்ட்டில், அதாவது இன்னோர் ஒலி அடுக்கில், பதிவு ரோட்ஸை மெலிதாக அடியில் சேர்த்து, இரண்டின் கலவையையும் சூப்பர் நொப் என்ற பெரிய திருகில் ஒப்படைக்கலாம். பல்லவிக்கு மென்மை, இடையிசைக்கு மின்னல் என ஒரே திருகில் மாறுகிறது. இரு கைகளும் கட்டையில் இருக்கும்போது கால் பெடலிலும் அதையே செய்யலாம்.

இனி மேடைக்கு வருவோம். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கோயில் முன்றலிலும், மாத்தளை நகர மண்டபங்களிலும் நான் வாசித்த சவுண்ட் சிஸ்டங்கள் பெரும்பாலும் மோனோ. ஆயத்த ஒலிகளோ ஸ்டீரியோவை நம்பிச் செய்யப்பட்டவை. இடமும் வலமுமாக ஆடும் ஓட்டோபேன், மோனோவில் இரு பக்கமும் கூடிச் சமமாகி, ஆட்டமே இல்லாமல் போகிறது. அகன்ற கோரஸ் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு உள்ளீடற்ற ஒலியாகிறது. ஆகவே ஓட்டோபேனை நீக்கி, அளவு மட்டும் ஏறி இறங்கும் ட்ரெமோலோவைப் போடுங்கள். கோரஸுக்குப் பதில் மோனோ ஃபேஸர் போதும். கேபிளை இடப்பக்க மோனோ அவுட்டில் மட்டும் செருகி வீட்டிலேயே கேட்டுச் சரிபாருங்கள். கீழ் ஸ்தாயியையும் கொஞ்சம் குறைத்துவிட்டால் தவிலுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே பியானோ தெளிவாக நிற்கும்.

குறைகளும் உண்டு. கட்டைகள் அரைக்கனம்தான். ரோட்ஸின் எதிர்ப்பு விரலுக்குக் கிடைக்காது. அழுத்திப் பிடித்து ஒலியை மாற்றும் ஆஃப்டர்டச் இல்லை. இடக்கையில் பேஸ், வலக்கையில் பியானோ எனப் பிரித்தால் 61 கட்டைகள் நெருக்கடிதான். 88 கனக் கட்டைகளுள்ள மோடெக்ஸ் 8 இருக்கிறது, ஆனால் அதன் எடை 13.8 கிலோ. பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் மலையேறுகிறவர்களுக்கு அந்த வேறுபாடு சிறியதல்ல. ஒரே நேரத்தில் எஃப்எம்-எக்ஸில் 64 சுரங்கள்தான் ஒலிக்கும். பியானோவுக்கு அது போதும், இரண்டு எஃப்எம் அடுக்குகளைச் சேர்த்துப் பெடலை மிதித்தபடி வாசித்தால்தான் முட்டும். 2022இல் வந்த மோடெக்ஸ் பிளஸ்ஸில் இது 128 ஆகியது. திரையில் எஃப்எம் பக்கங்கள் புதியவரை மிரட்டும், ஓர் ஆப்பரேட்டரைத் திருத்தப் பல பக்கங்கள் தாண்ட வேண்டும். கரண்ட் நின்றால் சேமிக்காத திருத்தம் அத்தனையும் போய்விடும். அடிக்கடி ஸ்டோர் செய்யுங்கள். மேடையில் சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

யாருக்கு இது? ஆயத்த ஒலியோடு திருப்தியடைபவர்களுக்கு இதைவிட மலிவான கீபோர்டுகள் போதும். தன் விரலுக்குத் தானே ஒலி செய்ய விரும்புகிறவர், எடை சுமந்து ஊர் ஊராகப் போகிறவர், ஒரே கருவியில் முழுக் கச்சேரியையும் நடத்துகிறவர் தயங்காமல் வாங்கலாம். பிளஸ் வந்தபின் பழைய மோடெக்ஸ் 6 இரண்டாம் கையாகக் கிடைத்தாலும் நல்லதே. வாங்கும்முன் எல்லாக் கட்டைகளையும் மெதுவாகவும் ஓங்கியும் வாசித்துப் பாருங்கள், அடப்டரையும் சோதியுங்கள்.

எலக்ட்ரிக் பியானோவுக்காக மட்டும் கேட்டால் என் தீர்ப்பு இது: கட்டைகளுக்குச் சுமாரான மதிப்பெண், எஃப்எம்-எக்ஸுக்கு முழு மதிப்பெண். வாங்கியவர்கள் ஆயத்த ஒலிகளோடு நின்றுவிடாமல், ஒரு வெற்று எஃப்எம் ஒலியைத் திறந்து முதல் சோடியை இன்றே கட்டத் தொடங்குங்கள்.